ஹார்ட்பீட் செய்தி: ‘இதயத்துடிப்பு’ ஏன் பொருந்தாது?

சர்வர் பராமரிப்பு பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் ‘இதயத்துடிப்புச் செய்தி’ என்கிறார்கள். ஹார்ட்பீட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது இது. படிப்பவரைத் தவறான முடிவில் கொண்டு விடுகிறது.

சர்வரில் நடப்பதையெல்லாம் லாக் கோப்பில் பதிந்து வைப்பது சிஸ்லாக் சேவை. பதிய எதுவும் வராவிட்டாலும் அது குறித்த இடைவெளியில் தானே எழுதும் வரிதான் ஹார்ட்பீட் செய்தி. யூனிக்ஸ் வழக்கில் ‘-- மார்க் --’. லினக்ஸில் சிஸ்லாக் வேலையைச் செய்யும் ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருளில், இந்த வரியை எழுதும் இம்மார்க் மாட்யூலின் இயல்பு இடைவெளி 1200 விநாடி, அதாவது 20 நிமிடம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், ஆர்சிஸ்லாகின் அமைப்புக் கோப்பில் அந்த மாட்யூல் வரி # குறியால் முடக்கப்பட்டிருக்கும். குறியை எடுத்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். நள்ளிரவில் இரண்டு மணி நேரம் பதிவே இல்லையென்றால், ஒன்றும் நடக்கவில்லையா, சேவையே விழுந்துவிட்டதா என்பதை மார்க் வரிதான் சொல்லும்.

இதயம் என்றதும் முழு சர்வரும் நலம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை. டேட்டாபேஸ் உறைந்து கிடக்கும், இணையதளம் திறக்காது. மார்க் மட்டும் தவறாமல் வரும். கூர்க்காவின் விசில் அவர் விழித்திருப்பதைத்தான் சொல்லும், நம் வீட்டுப் பூட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பல சர்வர்களின் பதிவுகளைச் சேர்க்கும் மையச் சர்வருக்கு, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபி முறையில், போர்ட் 514இல் அனுப்பும் செய்தி வழியில் தொலைந்தால் மறுபடி வராது. ஒரு மார்க் தவறியதற்கே ‘இதயத்துடிப்பு நின்றது’ என்று எச்சரிக்கை போனால், இரவுப் பணியாளர் நன்றாக ஓடும் இயந்திரத்தை அணைத்துப் போடுவார். மார்க், இன்ஃபோ நிலைச் செய்தி, அதாவது வெறும் தகவல் என்பதையும் மறக்கக் கூடாது; அதைவிட முக்கியமான வார்னிங் நிலைக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் அது மையச் சர்வருக்குப் போகவே போகாது.

‘நாடித்துடிப்பு’ என்போரும் உண்டு. நாடியை இன்னொருவர் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு கணினியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங்குக்கு அது பொருந்தும். இங்கே சேவை யாரும் கேட்காமலே சொல்கிறது.

என் தேர்வு ‘உயிர்ப்புக் குறி’. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. குறி, மார்க்குக்கு நேர்ச்சொல். இதயம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, பொருள் பிசகுவதால் தள்ளுகிறேன். லாக், ரெக்கார்ட், ரிஜிஸ்டர், போஸ்ட் நான்குக்கும் ‘பதிவு’ என்றே எழுதிப் பழகிய மொழிபெயர்ப்பாளர்கள், ஒரு லாக் கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டுச் சொல்லாக்க வேண்டும்.

எந்தச் சேவையின் குறி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இடைவெளியை 300 விநாடியாக்கி, தொடர்ந்து மூன்று தவறினால் மட்டும் ‘சிஸ்லாக் உயிர்ப்புக் குறி 15 நிமிடமாக வரவில்லை’ என எச்சரிக்கை போகட்டும். அதைப் படிப்பவர் முதலில் நெட்வொர்க்கைப் பார்ப்பார், பிறகு சிஸ்லாக் சேவையை.