ஃபேனை நேராக ஜிபிஐஓ பின்னில் செருகாதீர்கள்

இந்த மாதத்தில் என்னிடம் பழுதுபார்க்க வந்த மூன்றாவது போர்டு இது. ராஸ்பெரி பை 4, ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி. "கொஞ்ச நேரம் மெதுவா சுத்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. லினக்ஸ்ல ஏதோ செட்டிங் போலிருக்கு, பாருங்க சார்" என்று கொடுத்தார்கள். செட்டிங்கில் ஒரு குறையும் இல்லை. ஃபேனின் சிவப்பு வயர் நேராக ஜிபிஐஓ 14இல் இருந்தது. ஜிபிஐஓ என்பது மென்பொருள் சிக்னல் அனுப்பவும் வாங்கவும் போர்டில் இருக்கும் பின்கள். அந்தப் பின் செத்துப்போயிருந்தது.

எல்லாரும் எப்படி ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். பை 4க்கான அதிகாரபூர்வ கேஸ் ஃபேனின் படம்தான் காரணமாக இருக்க வேண்டும். அதில் நீல வயர் 8ஆம் பின்னுக்கு, அதாவது ஜிபிஐஓ 14க்குப் போகிறது. உடனே "ஓ, ஃபேன் இந்தப் பின்னில்தான் ஓடுகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஓடவில்லை ஐயா! கரண்ட் வருவது 4ஆம் பின்னில் உள்ள சிவப்பு வயரில். அது 5 வோல்ட். கறுப்பு வயர் 6ஆம் பின்னில், கிரவுண்டுக்கு. நீலம் "சுற்று", "நில்" என்று சொல்வதற்கு மட்டும். அந்தச் சொல்லைக் கேட்டு கரண்ட்டைத் திறந்து மூடும் வேலையை ஃபேனிலேயே இருக்கும் சின்ன சர்க்யூட் பார்த்துக்கொள்கிறது. உங்கள் கையில் இருக்கும் இரண்டு வயர் ஃபேனில் அது கிடையாது.

கணக்கும் எளிதுதான். ஒரு ஜிபிஐஓ பின் தருவது 3.3 வோல்ட். அதிலிருந்து 16 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. சின்ன 5 வோல்ட் ஃபேனே நூறு, இருநூறு மில்லிஆம்பியர் கேட்கும். எல்இடி எரிந்த பின்னில் மோட்டாரும் ஓடும் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு வயர் ஃபேன்தான் இருக்கிறதா? சிவப்பு 5 வோல்ட்டுக்கு. கறுப்பு ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு; சின்ன சிக்னலைக் கேட்டு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. எமிட்டர் கிரவுண்டுக்கு. பேஸுக்கும் ஜிபிஐஓ பின்னுக்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஃபேனின் குறுக்கே ஒரு டையோடு, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம்; ஃபேன் நிற்கும்போது மோட்டார் திருப்பி அடிக்கும் வோல்டேஜைத் தாங்குவது அதுதான். டையோடை விட்டுவிட்டு டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று வராதீர்கள். போர்டை அணைத்துவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் பக்கம் வேலை குறைவு. கான்ஃபிக் கோப்பில் (config.txt) ஜிபிஐஓ ஃபேன் ஓவர்லேயை, அதாவது இந்தப் பின்னில் ஃபேன் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரியைச் சேர்த்து, ஜிபிஐஓ எண்ணையும் வெப்பநிலையையும் கொடுத்தால் மீதியை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பார்த்துக்கொள்ளும். வெப்பநிலை மில்லிடிகிரியில்: 60 டிகிரிக்கு 60000. வெறும் 60 என்று எழுதிவிட்டு "ஃபேன் நிற்கவே மாட்டேங்குது" என்று வந்தவர்களும் உண்டு. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பு முதல் அந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடைவுக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இருப்பது "இதைத் திருத்தாதீர்கள்" என்ற அறிவிப்பு மட்டுமே. அதையும் மீறித் திருத்துகிறார்கள். ஜிபிஐஓ 14 சீரியல் கன்சோலுக்கும், அதாவது வயர் வழியாக லினக்ஸ் செய்திகளை வெளியே அனுப்பும் வசதிக்கும் உரிய பின். கன்சோல் இயங்கினால் ஃபேன் விட்டு விட்டுத் துடிக்கும். கன்சோலை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஜிபிஐஓ 18க்கு மாறுங்கள்.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு ஓவர்லேயும் வேண்டாம், டிரான்சிஸ்டரும் வேண்டாம். போர்டிலேயே நான்கு பின் சாக்கெட் இருக்கிறது. ஆனால் 50 டிகிரி வரை ஃபேன் சும்மாதான் இருக்கும். அது பழுதில்லை! கொஞ்சம் வேலை கொடுத்துப் பாருங்கள், தானாகச் சுற்றும்.

ஃபேனுக்காகப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களிடம் தயவாகக் கேட்கிறேன், கெர்னலிடமே விடுங்கள். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் ஃபேன் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருந்துவிடும், ஓடாமல் இருந்தால் ஓடாமலே. 80 டிகிரியில் பை தன் வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும். உங்களுக்கோ "போர்டு ஸ்லோ" என்று மட்டும்தான் தெரியும்.

அப்படியும் சுற்றவில்லையென்றால் ஃபேனைக் கழற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள். எந்த வயர் எந்தப் பின்னில் இருக்கிறது என்று பார்த்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.