மூன்று தாள்கள், ஒரே முத்திரை

அரசு அலுவலகங்களின் பணியாளர் சுகாதாரப் பிரிவை ஆய்வு செய்யப் போனால், முதலில் ஒரு எண்ணிக்கைப் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை முகாம். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஏதாவது நாலு கோப்புகளை எடுத்துவரச் சொல்வேன்.

அப்படி வந்த ஒரு கோப்பு ஜெனரேட்டர் அறை ஊழியருடையது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளின் ஆடியோகிராம் தாள்கள், அதாவது காது எந்த அளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் சோதனைத் தாள்கள், இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலிப் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது, ஆண்டுக்கு ஆண்டு இன்னும் ஆழமாக. இரைச்சலால் வரும் காதுக்கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எதிரில் பேசுவது காதில் விழுவதால் ஆளுக்கே தெரியாது. மூன்று தாளிலும் ‘பணிக்குத் தகுதி’ என்று முத்திரை. பொய்யில்லை, அவர் தகுதியானவர்தான். ஆனால் அந்த அறையை யாரும் பார்க்கவில்லை. 8 மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தொட்டாலே காதுப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இரைச்சல் மானி அலமாரியில் இருந்தது, பேட்டரி இல்லாமல்.

சரி, மருத்துவரின் நேரம் எங்கே போகிறது? பாதி நேரம், மருத்துவ விடுப்பு கேட்டவருக்கு உண்மையிலேயே நோயா என்று துருவுவதில். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1985-இல் ஏற்ற பணியிடச் சுகாதாரச் சேவைகள் பற்றிய 161-ஆம் உடன்படிக்கை, பொதுத்துறை ஊழியர்களையும் சேர்த்தே பேசுகிறது. விடுப்பின் காரணத்தைச் சரிபார்க்கும் வேலையை இந்தச் சுகாதாரப் பிரிவினர் தலையில் கட்டக் கூடாது என்று அதன் 15-ஆம் பிரிவே சொல்கிறது. விடுப்பை வெட்டுகிறவரிடம் போய் ‘காதில் இரைகிறது டாக்டர்’ என்று யார் வாய் திறப்பார்கள்?

ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் பரிசோதனைப் பட்டியலிலேயே இல்லை. அதையும் அறிக்கையில் எழுதினேன்.

அப்புறம், இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். வேலையில் சேர்ந்தபோது எடுத்த முதல் ஆடியோகிராம் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் பின்னால் வருவதை எதோடு ஒப்பிடுவது? அந்த முதல் சோதனையை, இரைச்சலில் நின்றுவிட்டு நேராக வந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். காதுக்கு ஒரு இரவாவது ஓய்வு கொடுத்துவிட்டு, காலையில் இயந்திரத்தின் பக்கம் போவதற்கு முன்னால் எடுங்கள்.