ஸ்மூதி: சொல்லும் பொருளும் தமிழ்ப்பெயரும்

பழுத்த பழத்தின் சதையைத் தயிர், பால் அல்லது நீருடன் சேர்த்து, திப்பி தெரியாதபடி அரைத்து, வடிகட்டாமல் பருகும் கெட்டியான பானத்தை ஆங்கிலத்தில் ஸ்மூதி என்பர். தமிழில் இச்சொல்லை 'ஸ்மூத்தி' என்று எழுதுவதே பெருவழக்காக உள்ளது. ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல்லின் இடையில் வருவது மெலிந்து ஒலிக்கும் தகர ஒலியாகும். தமிழில் உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் தகரம் இயல்பாகவே அவ்வாறுதான் ஒலிக்கும். இரட்டித்தால் வல்லொலி ஆகிவிடும். ஆகவே ஆங்கிலச் சொல்லையே எழுத நேரும்போது 'ஸ்மூதி' என்பதே ஒலிக்கு நெருக்கமான வடிவம். இக்கட்டுரையில் அவ்வடிவத்தையே ஆள்கிறேன்.

'ஸ்மூத்' என்பது வழவழப்பான, மேடுபள்ளமற்ற என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். அதன் ஈற்றில் செல்லமாக அழைப்பதற்குரிய 'ஈ' விகுதியைச் சேர்த்து ஸ்மூதி என்னும் பெயர்ச்சொல் உருவாக்கப்பட்டது. அப்பெயர் முதலில் பானத்தைக் குறிக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1920களின் அமெரிக்கப் பேச்சுவழக்கில், நயமாகப் பேசியும் பழகியும் பிறர் மனத்தைக் கவரும் ஆடவனையே ஸ்மூதி என்றனர். சொல்லில் வழுக்கல் உடையவன் என்பது உட்கருத்து.

அது பானத்தின் பெயரானதற்கு ஓர் இயந்திரமே காரணம். 1922ஆம் ஆண்டில் ஸ்டீவன் பொப்லாவ்ஸ்கி என்பவர், சோடாக் கடைகளில் மால்ட் கலந்த பாலைத் தயாரிப்பதற்காக, பாத்திரத்தின் அடியில் சுழலும் அலகு பொருத்திய கலக்கும் கருவியை அமெரிக்காவில் உருவாக்கினார். பின்னர் இசைக்குழுத் தலைவரான ஃபிரெட் வேரிங் பொருளுதவி செய்து மேம்படுத்தச் செய்த கருவி 1937இல் அறிமுகமாகி, அவர் பெயராலேயே புகழ்பெற்றது. அக்கருவியை வாங்கியவர்களுக்காக 1940களில் வெளிவந்த சமையல் கையேடுகளில் வாழைப்பழ ஸ்மூதியும் அன்னாசி ஸ்மூதியும் இடம்பெற்றன. கையால் பிசைந்தும் சல்லடையில் தேய்த்தும் பெற முடியாத ஒரு வழவழப்பைச் சுழலும் அலகு தந்தது. நாவில் உணர்ந்த அந்தத் தன்மையே பெயராயிற்று. 1973இல் ஸ்டீவ் கூனாவ் என்பவர் லூசியானா மாநிலத்தில் தொடங்கிய ஸ்மூதி கிங் என்னும் கடை, பின்னர் பல கிளைகளாக விரிந்து, அச்சொல்லைக் கடைவீதிச் சொல்லாகவும் ஆக்கியது.

பொருள் எல்லையைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். பழச்சாறு என்பது பழத்தைப் பிழிந்து சக்கையை நீக்கிப் பெறுவது. ஸ்மூதியில் சக்கை என்று எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. அலகு பழத்தின் செல்களைக் கிழித்து, நார்ச்சத்தையும் பெக்டின் என்னும் பழப்பசையையும் நீர்மத்தினுள்ளேயே நுண்துகள்களாக மிதக்க விடுவதால்தான் அது கெட்டியாகிறது. மில்க் ஷேக்கில் பாலும் ஐஸ்கிரீமும் முதன்மை பெற, பழம் சுவைக்காகச் சேர்கிறது. லஸ்ஸியில் தயிரே தலைமைப் பொருள். மாம்பழ லஸ்ஸிக்கும் மாம்பழ ஸ்மூதிக்கும் இடையே உள்ள வேறுபாடு, தயிரில் பழமா, பழத்தில் தயிரா என்பதுதான்.

இந்த எல்லையை வைத்துப் பார்த்தால், பெயர் வருவதற்கு முன்பே பொருள் நம்மிடம் இருந்ததை அறியலாம். தமிழ்நாட்டுப் பழச்சாற்றுக் கடைகளில் 'சப்போட்டா ஜூஸ்', 'பட்டர் ஃப்ரூட் ஜூஸ்' என்று நெடுங்காலமாக விற்கப்படுபவை சாறுகளே அல்ல. சப்போட்டாவையோ வெண்ணெய்ப்பழத்தையோ எவராலும் பிழிந்து சாறெடுக்க இயலாது. சதையைப் பாலுடன் அடித்து அப்படியே கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். சாறு என்ற சொல் அங்கே தன் பொருளுக்கு அப்பாலும் நீட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்மூதிக்குப் 'பழச்சாறு' என்று எழுதுவது, ஏற்கெனவே மங்கிப்போன ஒரு வேறுபாட்டை முற்றிலும் அழித்துவிடும்.

இணையத்தில் மிகுதியாகக் காணப்படும் 'மிருதுவாக்கி' என்ற சொல்லை நான் உறுதியாக மறுக்கிறேன். ஆக்கி என்னும் ஈறு செய்யும் பொருளைக் குறிப்பது. குளிராக்கி என்றால் குளிரச் செய்யும் கருவி. அம்முறையில் மிருதுவாக்கி என்றால் வேறொன்றை மிருதுவாகச் செய்வது, அதாவது துணி துவைத்தபின் இடும் திரவம் போன்ற ஒன்று. இங்கே மிருதுவாக்கப்பட்டது பழம், மிருதுவாக்கியது மிக்ஸி. குடிப்பவருக்கு மிக்ஸியைக் கொடுப்பது போன்ற இந்தப் பெயர், ஆங்கிலச் சொல்லின் ஒலியை மட்டும் கேட்டு அதன் பொருளைக் கேளாமல் பிறந்தது. அதற்கு அடியாக உள்ள மிருது என்பதும் வடசொல்லே.

ஸ்மூதிக்கு ஈடாக எண்ணத்தக்க மென்பானம், பழக்கூழ் என்னும் மற்ற இரு சொற்களும் நல்ல சொற்கள்தாம். ஆனால் வேறு பொருள்களுக்கு உரியனவாகிவிட்டன. மென்பானம் என்பது மதுவல்லாத, பெரும்பாலும் வாயு ஏற்றிய புட்டிப் பானங்களுக்கு வழங்குகிறது. பழக்கூழ் என்பது கிருஷ்ணகிரி வட்டார ஆலைகளில் மாம்பழத்திலிருந்து எடுத்து அடைக்கப்படும் சதைப் பிழம்புக்குப் பெயராக நிலைபெற்றுவிட்டது. அது பானத்துக்கான மூலப்பொருள், பானம் ஆகாது.

தமிழ்ச் சமையலறை எவ்வாறு பெயரிடுகிறது என்பதைக் கவனித்தால் வழி திறக்கும். அவித்தது அவியல், துவைத்தது துவையல், மசித்தது மசியல், பொரித்தது பொரியல், வறுத்தது வறுவல், பொங்கியது பொங்கல். செய்யும் தொழிலின் வினையடியோடு 'அல்' சேர்த்தால் உணவின் பெயர் கிடைத்துவிடுகிறது. பழத்துக்கு இங்கே நேரும் தொழிலைக் குறிக்கும் வினை 'குழை' என்பதே. வெந்த சோறு பதம் மீறினால் குழைந்துவிட்டது என்கிறோம். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைக்கிறோம். திடமான ஒன்று ஈரத்தோடு கலந்து தன் வடிவம் இழந்து மென்மையாவதே குழைதல். குழம்பு, கூழ் ஆகியவையும் ஒலியாலும் பொருளாலும் இதற்கு அணுக்கமானவை. கறிகளோடு பிசைந்து உருட்டிக் கையில் தரும் சோற்றை ஈழத்தில் குழையல் சோறு என்பதால், குழையல் என்னும் சொல்வடிவமும் புதிதாகப் புனைந்ததாகாது. எனவே ஸ்மூதிக்குக் 'குழையல்' என்றும், பழத்தால் ஆனதைப் 'பழக்குழையல்' என்றும் வழங்கலாம் என்பது என் துணிபு.

இச்சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் நயமாகப் பேசுபவனையும் பானத்தையும் ஒரே சொல் குறித்ததைக் கண்டோம். தமிழிலும் ஒருவன் இளகி, இணங்கி, நயந்து பேசினால் 'குழைந்து பேசுகிறான்' என்றே சொல்கிறோம். கடல்களால் பிரிந்த இரு மொழிகள், நாவின் மென்மையையும் சொல்லின் மென்மையையும் ஒரே சொல்லில் அடக்கியிருக்கின்றன. மொழிபெயர்ப்பில் இத்தகைய பொருத்தம் அரிதாகவே வாய்க்கும்.

மசியல் என்பதையும் சிலர் பரிந்துரைக்கக்கூடும். ஆயினும் கீரை மசியலும் கிழங்கு மசியலும் சோற்றுடன் உண்பவையாக மனத்தில் பதிந்துள்ளன. பருகும் பொருளுக்கு அது ஒட்டவில்லை. குழையலுக்கும் பருகும் பொருள் தானாக வந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் கூழைக் குடிக்கும் மக்களுக்குக் குழையலைக் குடிப்பதில் தயக்கம் இருக்காது.

சொல்லின் பொருள் அடுப்படியில்தான் தெளிவாகும் என்பதால், இருவருக்கான மாம்பழக் குழையலின் செய்முறையைக் கூறுகிறேன். முதலில் 100 மி.லி. குளிர்ந்த தயிரையும் சிறிது நீரையும் மிக்ஸியின் பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். நீர்மம் அடியில் இல்லாவிட்டால் அலகைச் சுற்றிக் காற்று அடைபட்டு, மேலே உள்ள பழம் அரைபடாமல் நின்றுவிடும். அதன்மேல் ஏறத்தாழ 200 கிராம் மாம்பழச் சதையையும், துண்டுகளாக்கி உறைநிலைப் பெட்டியில் இறுகவைத்த ஒரு பூவன் வாழைப்பழத்தையும், ஓர் ஏலக்காயின் பொடியையும் இட்டு, விட்டுவிட்டு ஓட்டி, இறுதியில் ஒரு நிமிடம் தொடர்ந்து அடிக்க வேண்டும். உறைந்த வாழைப்பழம் குளிர்ச்சியோடு கெட்டியும் தருவதால் பனிக்கட்டி தேவைப்படாது, நீர்த்தும் போகாது. பழம் நன்கு கனிந்திருந்தால் சர்க்கரையும் வேண்டியதில்லை. மிக்ஸியோடு வரும் சாறு எடுக்கும் பாத்திரத்தின் நடுவே வலைச்சல்லடை இருக்கும். அதைப் பொருத்தி அரைத்தால் கிடைப்பது சாறு, கழற்றிவிட்டு அரைத்தால் கிடைப்பது குழையல்.

அன்னாசியையும் பப்பாளியையும் வேகவைக்காமல் பாலுடனோ தயிருடனோ அடித்து வைத்தால் சற்று நேரத்தில் கசக்கத் தொடங்கும். அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். அவற்றுக்கு இளநீரே ஏற்றது, அல்லது அடித்தவுடன் குடித்துவிட வேண்டும். ஆரஞ்சு சேர்ப்பதாயின் விதைகளைத் தவறாமல் நீக்க வேண்டும். அரைபட்ட விதை முழுப் பாத்திரத்தையும் கசப்பாக்கிவிடும்.

நார்ச்சத்து உள்ளேயே இருப்பதால் குழையலை அளவின்றிக் குடிக்கலாம் என்று கருதுவதும் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதன் விளைவே. அரைக்கும்போது பழத்தின் செல்களுக்குள் இருந்த சர்க்கரை வெளிப்பட்டுவிடுகிறது. பிரித்தானியப் பொது மருத்துவச் சேவை, பழச்சாறு, காய்ச்சாறு, ஸ்மூதி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மி.லி.க்கு மேற்பட வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. மேற்சொன்ன அளவில் செய்தது இருவருக்குச் சற்றுக் கூடுதலே. மூன்று சிறு குவளைகளாகப் பகிர்வது நன்று.

கூட்டுச்சொற்களிலும் இப்பெயர் இடர்ப்படுவதில்லை. வாழைப்பழக் குழையல், சப்போட்டாக் குழையல், கீரை சேர்ந்தால் கீரைக் குழையல் என்று இயல்பாக அமைகின்றன. கெட்டியாக அடித்து, மேலே கொட்டைகளும் பழத்துண்டுகளும் தூவிக் கரண்டியால் உண்பதைக் 'கிண்ணக் குழையல்' எனலாம். பழக்குழையல் என்பதில் ழகரம் இருமுறை வருவதால் உச்சரிக்கக் கடினம் என்று கருதுவோர், பழத்தின் பெயரை நேரே முன்வைத்துக் கொய்யாக் குழையல், மாதுளைக் குழையல் என்று வழங்கலாம்.