ரசீதை நம்பி கம்பெனி ஷேருக்கு பணம் போடாதீங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாராவது டீ பேக்டரி, ரெசார்ட்னு பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சா சொந்தக்காரங்க மூலமா "நீங்களும் பங்கு போடுங்கண்ணா"ன்னு வர்றாங்க, டீ இலை வித்த காச எடுத்து குடுத்துடறோம், கடைசில கையில மிஞ்சறது ஒரு லெட்டர்பேட் ரசீது. இப்படி ஏமாந்தவங்கள பாத்து பாத்து வயிறு எரியுது, அதான் எழுதறேன்.

"கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருக்கு, எம்சிஏ சைட்ல பாருங்க"ம்பாங்க, எம்சிஏன்னா கம்பெனிகள பாத்துக்கற மத்திய அரசு அமைச்சகம். அந்த சைட் கம்பெனி இருக்குன்னுதான் காட்டும், ஷேர் ஒழுங்கா குடுத்தாங்களான்னு காட்டாது. அதே பக்கத்துல ஆத்தரைஸ்டு கேபிடல் (மொத்தமா எவ்வளவுக்கு ஷேர் குடுக்கலாம்ங்கிற வரம்பு), பெய்ட்-அப் கேபிடல் (இதுவரைக்கும் பணம் வாங்கி குடுத்த ஷேரோட மதிப்பு) ரெண்டையும் பாருங்க. ரெண்டுமே 10 லட்சம்னா உங்களுக்கு புதுசா குடுக்க அங்க ஷேரே இல்ல, ஆத்தரைஸ்டு கேபிடல ஏத்தின பிறகு வாங்கன்னு சொல்லிடுங்க.

அடுத்து அதே சைட்ல லாகின் பண்ணி 100 ரூபா கட்டினா கம்பெனி பைல் பண்ண பேப்பர்லாம் பாக்கலாம். பாஸ்-3 (PAS-3) னு ஒரு ஃபார்ம் தேடுங்க. ஷேர அலாட் பண்ணி, அதாவது ஒருத்தர் பேருக்கு ஒதுக்கி, 15 நாள்ல இத பைல் பண்ணணும், யாருக்கு எத்தன ஷேர்னு லிஸ்ட் கூடவே இருக்கும். உங்களுக்கு முன்னாடி பணம் போட்டவங்க பேரு அதுல இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா உங்க பேரும் வராது.

பணம் குடுக்கறதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க. கேஷா குடுக்கவே கூடாது, டைரக்டரோட சொந்த அக்கவுண்ட்டுக்கும் போடாதீங்க, "இலை காசுல பிடிச்சுக்கறோம்"னாலும் ஒத்துக்காதீங்க. உங்க பேருல ஷேர்னா உங்க அக்கவுண்ட்ல இருந்துதான் போகணும், பையன் ஜிபேல இருந்து அனுப்பினா பின்னாடி ஷேர் தராததுக்கு அதையே காரணம் காட்டுவாங்க. ஷேர் தர்றோம்ங்கிற ஆஃபர் லெட்டர் உங்க பேரு போட்டு பாஸ்-4 (PAS-4) ஃபார்ம்ல வரணும். நோட்டீஸ் அடிச்சு, வாட்ஸ்அப்ல ஊருக்கே அனுப்பி ஷேர் வித்தாங்கன்னா அதுவே சட்டத்துக்கு விரோதம்.

பணம் வாங்கி 60 நாளைக்குள்ள அலாட் பண்ணணும், இல்லேன்னா அடுத்த 15 நாள்ல திருப்பணும், அதுவும் பண்ணலேன்னா 12 சதவீத வட்டியோட தரணும். அலாட் ஆனா ரெண்டு மாசத்துல ஷேர் சர்டிபிகேட் தரணும். "ஆடிட்டர் பாத்துட்டிருக்கார்"னு வருஷக்கணக்கா சொல்றத கேட்டுட்டு இருக்காதீங்க.

ஸ்டேஷனுக்கு போனா சிவில் மேட்டர்ம்பாங்க, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா அது வேற ஆபீசுக்கு போகும், பாவம் வயசானவங்க பஸ் ஏறி ஏறி அலையறாங்க. நீலகிரி கம்பெனிகள கண்காணிக்கற அரசு ஆபீசர், கம்பெனி ரிஜிஸ்ட்ரார், கோயம்புத்தூர்ல இருக்கார், புகாருக்கு எம்சிஏ சைட்லயே ஃபார்ம் இருக்கு. பேங்க் ஸ்டேட்மெண்ட், ரசீது, பாஸ்-3 லிஸ்ட் மூணையும் சேர்த்து அதுல போடுங்க, புகார் நம்பர குறிச்சு வெச்சுக்கோங்க.