அந்தக் கிண்ணம் எதுக்கு?

பிளஸ் ஒன் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "மார்கான்ஷியா படத்துல ஜெம்மா கிண்ணம்னு கோடு இழுத்து எழுதி மார்க் வாங்கிட்டேன், ஆனா அது ஏன் கிண்ணமாவே இருக்கணும்?" அருமையான கேள்வி!

மார்கான்ஷியா பாலிமார்ஃபா ஒரு ஈரல் தாவரம். ஓடைக்கரை, ஈரப்பாறை, நிழல் மண்ணுன்னு பச்சைத் தோலை விரிச்ச மாதிரி தரையோட ஒட்டிக் கிடக்கும். வேர் கிடையாது, வேரிகள்னு மெல்லிசா நூல் மாதிரி இழைகள்தான். மேல இருக்கிற காத்துத் துளைகளை இலைத்துளை மாதிரி இறுக்கி மூடவும் முடியாது, அதனால காய்ஞ்ச இடம் அதுக்கு ஆகாது.

சரி, கிண்ணம். அகலம் சில மில்லிமீட்டர்தான், அடியில பொடிப்பொடியா தட்டு மாதிரி ஜெம்மாக்கள், அதாவது தாய்ச்செடியை விட்டுப் பிரிஞ்சு புதுச் செடியா வளரக்கூடிய துண்டுகள், ஒவ்வொண்ணும் ஒத்தை செல் காம்புல நிக்கும். மழை பெஞ்சா உள்ள இருக்கிற வழவழப்புப் பசை தண்ணி குடிச்சு உப்பும், காம்பு அறுந்துடும். இப்ப பெரிய துளி ஒண்ணு விழுதுன்னு வைங்க, தட்டையான இடம்னா தண்ணி தரையோட பரவிடும், ஆனா இங்க சுத்தியும் சாய்வா சுவரு, தண்ணி அதுமேல ஏறி விளிம்பைத் தாண்டி சாய்வா பீய்ச்சி அடிக்கும், ஜெம்மாவும் கூடவே பறக்கும், ஒரு மீட்டர் தூரம்கூட போகும்! செடி உசரமே இல்லாம தரையில கிடக்குது, தூக்கி எறியிற வேலை முழுக்க மழையோடது.

இதைவிட எனக்குப் பிடிச்சது விழுந்த பிறகு நடக்கிறது. ஜெம்மாவுக்கு எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம்னு முன்கூட்டியே முடிவாகல. எப்படி விழுந்தாலும் சரி, வெளிச்சத்தையும் புவியீர்ப்பையும் வச்சு அப்புறமா தீர்மானிச்சு, மண் பக்கம் வேரி விட்டு, ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற பள்ளத்துல இருந்து எதிரெதிரா வளரும். கிண்ணத்துக்குள்ள இருக்கிறவரை முளைக்காம தாய்ச்செடியோட ஆக்ஸின்ங்கிற ஹார்மோன் அடக்கி வச்சிருக்கும்.

காட்டுத்தீ எரிச்ச வெறும் மண்ணுல முதல்ல வந்து மூடுற செடிகள்ல இதுவும் ஒண்ணு, மண்ணு அரிச்சுப் போகாம பிடிச்சு வைக்கும்.

ஈரல் வடிவத்துல இருக்குன்னு பழைய ஐரோப்பாவுல கல்லீரல் நோய்க்கு இதைக் குடுத்தாங்க. உருவத்தைப் பார்த்து மருந்துன்னு முடிவு பண்றது அங்கயும் தப்பு, இங்கயும் தப்பு. 2017-ல இதோட மரபணுத்தொகுதியே வெளியாயிடுச்சு, நம்ம மலைகள்ல இருக்கிற ஈரல் தாவரங்களைத் தேடிப் பதிவு பண்ற வேலைக்கும் தாராளமா காசு ஒதுக்கணும்னு நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்.

தம்பி, எங்கயாவது இந்தச் செடியைப் பார்த்தா, சுத்தி வெள்ளைத்தாள் விரிச்சு, கொஞ்சம் உயரத்துல இருந்து கிண்ணத்துல சொட்டுச்சொட்டா தண்ணி விடுங்க. தாள்ல பச்சைப் புள்ளி எவ்வளவு தூரத்துல விழுதுன்னு ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க.