டச்சுப் படை ஏன் சுற்றிப் போனது?

குளச்சல் போரைக் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கிறுக்கு. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் படை டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த அதே குளச்சல்தான். மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வெற்றித் தூணைப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். மேப் வரைய வசதியுள்ள ஒரு போர் விளையாட்டை எடுத்து, குளச்சல் தொடங்கி திருவிதாங்கூரின் அன்றைய தலைநகரான பத்மநாபபுரம் வரை நானே வரைந்தேன். முறை வைத்து ஆடுவது. டச்சுப் படையை கம்ப்யூட்டர் நகர்த்தும், அப்புறம் என் முறை.

முதல் ஆட்டத்திலேயே, டச்சுத் தளபதியின் நினைவாக டி லனாய் என்று நான் பெயர் வைத்திருந்த படை நேரே வராமல் மேற்கே ஒதுங்கி வளைந்து போனது. பக்கத்தில் இருந்த மருமகன், “எதுக்கு மாமா இப்பிடிச் சுத்துது?” என்றான். “பதுங்கி வாறான் மக்களே” என்றேன். தப்பு. அங்கே தந்திரம் எதுவும் கிடையாது, வெறும் கூட்டல்தான்.

இந்த மாதிரி விளையாட்டில் மேப் முழுக்க அறுகோணக் கட்டம், மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டியைத் திறந்தால் தெரியும் அடை மாதிரி. சதுரக் கட்டம் என்றால் மூலைவாட்டில் ஒரு அடி வைக்கிறவன் 1.414 பங்கு தூரம் போய்விடுவான்; அறுகோணத்தில் பக்கத்துக் கட்டம் ஆறும் ஒரே தூரம். பலகையில் ஆடிய காலத்திலேயே, 1961-ல், அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் இந்தக் கட்டத்துக்கு மாறிவிட்டது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செலவு உண்டு. நான் ரோட்டுக்கு 1, தென்னை விளைக்கு, அதாவது தோப்புக்கு 2, ஏலாவுக்கு, அதாவது நெல்வயலுக்கு 3 என்று வைத்திருந்தேன். குளத்துக்குள் இறங்கவே முடியாது. படை ஒரு முறைக்குச் செலவழிக்கக்கூடியது 6 புள்ளி. நேர்வழியில் ஆறு கட்டம், ஆறும் ஏலா, மொத்தம் 18. சுற்றுவழியில் பன்னிரண்டு கட்டம் இருந்தும் ரோடு எட்டு, விளை நாலு என்பதால் 16. தூரம் இரண்டு மடங்கு, செலவு குறைவு!

சரி, இத்தனை ஆயிரம் வழியில் அந்த 16-ஐ எப்படிக் கண்டுபிடிக்கிறது? படை நிற்கும் கட்டத்தில் மடையைத் திறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ரோட்டுக் கட்டத்தில் ஏற ஒரு நொடி, விளையில் இரண்டு, ஏலாவில் மூன்று. எந்தக் கட்டத்தில் முதலில் ஏறுகிறதோ, அங்கே எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று மட்டும் குறித்துவைத்தால் போதும். பத்மநாபபுரத்தில் ஏறியதும் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தால் அதுதான் மலிவான வழி. இதை 1956-ல் யோசித்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாமில் காபி குடித்தபடி இருபதே நிமிடத்தில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, என் மேப்பில் டச்சுப் படையை நடத்தியதும் ஒரு டச்சுக்காரரின் கணக்குதான்.

இதில் ஒரு வீண்வேலை இருக்கிறது. தண்ணீர் வேண்டாத திசையிலும் அதே மும்முரத்தோடு பாயும். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று பேர் வெளியிட்ட ஏ-ஸ்டார் முறை, இதுவரை ஆன செலவோடு ‘இனி குறைந்தது இவ்வளவாவது ஆகும்’ என்ற மதிப்பையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை குறைந்த கட்டத்தை முதலில் திறக்கும். அந்த மதிப்பு உண்மைச் செலவைத் தாண்டாதவரை வழி தப்பாது. குறைத்துச் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகத் தேடும், கூட்டிச் சொன்னால் நல்ல வழி கண்ணில் படாமலே போகலாம்.

ஏலாவின் செலவை 2 ஆக்கி நேரே வரவைக்கலாமா என்று கேட்டேன். “ஆடியில ஏலா காஞ்சா மாமா கெடக்கும்?” என்றான் மருமகன். போர் நடந்தது ஆடியில்; அப்போது ஏலா கன்னிப்பூப் பருவ நெல் நிற்கும் சேறு. அவன் சொன்னதுதான் சரி.

அதனால் ஏலாவை அப்படியே விட்டுவிட்டு, சுற்றுவழியில் இருந்த விளை ஒன்றை ஒட்டி ஒரு சின்ன நாயர் படையை நிறுத்தினேன். எதிரியை ஒட்டிய கட்டத்தில் நுழைந்தால் செலவு கூடும் என்பது இந்த விளையாட்டின் விதி, என் மேப்பில் கூடுதலாக 3. பதினாறு பத்தொன்பது ஆனது. அடுத்த ஆட்டத்தில் டி லனாய் ஒரு நொடிகூட யோசிக்காமல் நேரே ஏலாவுக்குள் இறங்கினார், இரண்டாவது கட்டத்திலேயே புள்ளி ஆறும் தீர்ந்து சேற்றில் நின்றார், கரையில் என் பீரங்கி இருந்தது.