ஜெர்மன் லென்ஸ் என்று வாங்கும் முன் பெயர் வளையத்தைத் தாண்டிப் பாருங்கள்

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்வளையத்தில் கார்ல் ஸைஸ் ஜெனா, ஸோனார் 1:1.5, 5 செ.மீ. என்று பொறிப்பு, அதாவது ஜெர்மனியின் ஜெனா நகரில் ஸைஸ் நிறுவனம் செய்த ஸோனார் என்ற லென்ஸ். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு 'டி' (T) எழுத்து. தன் பழைய லைக்கா கேமராவில் மாட்டினால் தூரத்துக் காட்சி கூர்மையாக விழுகிறது, ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால் மட்டும் ஃபோகஸ் தவறுகிறது, சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். நல்ல தொகை கொடுத்து வாங்கியிருந்தார்.

அவர் சொன்ன குறையிலேயே பாதி விடை இருந்தது. சோவியத் ஒன்றியத்தில் ஸ்க்ரூ மவுண்டில் (கேமராவில் திருகி மாட்டும் வகையில்) செய்த லென்ஸ்கள் கான்டாக்ஸ் கேமராவின் அளவை ஒட்டியவை. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரத்தை அளந்து ஃபோகஸ் காட்டும் அமைப்பு) கணக்கு அதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். தூரத்தில் அந்த வேறுபாடு தெரியாது. பக்கத்தில் வந்து அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்தால் தெரிந்துவிடும்.

கழற்றிப் பார்த்தேன். முன்வளையம் சற்று மெலிந்திருந்தது. பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் ஓரம் கரடுமுரடாக இருந்தது, பெயின்ட் பள்ளத்தை விட்டு வெளியே கசிந்திருந்தது. உள்குழாயில் ஊசியால் கீறிய எண்ணுக்கும் முன்னால் இருந்த எண்ணுக்கும் ஒட்டே இல்லை. அது ஜுபிட்டர்-3 என்ற சோவியத் லென்ஸ். உள்ளே இருந்த எண் 57 என்று தொடங்கியது. அக்காலத்து சோவியத் லென்ஸ்களில் சீரியல் நம்பரின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். ஆக, 1957.

ஜுபிட்டர்-3 மட்டமான லென்ஸ் இல்லை. லுட்விக் பெர்டெலே வடிவமைத்த ஸோனாரின் நேர் வாரிசு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெனா சோவியத் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அங்கிருந்த இயந்திரங்களும் வரைபடங்களும் ஈட்டுத்தொகையாகக் கிழக்கே போயின. அப்படித்தான் ஸோனார் ஜுபிட்டர் ஆனது, 58 மி.மீ. பயோட்டார் என்ற இன்னொரு ஸைஸ் லென்ஸ் ஹீலியோஸ்-44 ஆனது. ஜுபிட்டர் என்ற சொந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் நானே மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன். ஆனால் அதன் பெயரை அழித்து வேறு பெயர் எழுதிப் பல மடங்கு விலைக்கு விற்பது திருட்டு. ஜெனாவில் ஸ்க்ரூ மவுண்ட் ஸோனார்களைப் போர்க்காலத்தில் செய்தது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. அதனால்தான் போலி செய்பவர்களுக்கு இந்த லென்ஸ் மேல் இத்தனை கண்.

சரி, உண்மையான ஜெர்மன் லென்ஸ் என்றால் குழப்பம் தீர்ந்ததா? இல்லை. எந்த ஜெர்மனி என்ற கேள்வி அடுத்து வரும். 1945 ஏப்ரலில் ஜெனாவைப் பிடித்த அமெரிக்கப் படை, அந்தக் கோடையில் சோவியத்திடம் ஊரை ஒப்படைக்கும் முன் ஸைஸின் முக்கிய அறிஞர்களை மேற்கே கூட்டிப் போனது. அவர்கள் மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோஹன் ஊரில் புதிதாகத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஒரே பெயருக்கு இரண்டு நிறுவனங்கள் உரிமை கொண்டாடின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது, 1971-இல் லண்டனில் ஓர் உடன்பாடு வந்தது. அந்தச் சண்டை முழுவதும் லென்ஸின் முன்வளையத்தில் பதிவாகியிருக்கிறது. ஸைஸ்-ஆப்டன் என்று கண்டால் அது மேற்கின் ஆரம்ப ஆண்டுகள். 'அவுஸ் ஜெனா', அதாவது 'ஜெனாவிலிருந்து' என்று மட்டும் இருந்தால், ஸைஸ் பெயரைப் போட முடியாத சந்தைக்குக் கிழக்கிலிருந்து போன லென்ஸ். அதில் டெஸ்ஸார் என்ற லென்ஸ் வகைப் பெயர்கூட இருக்காது, வெறும் 'டி' தான். ஸோனாருக்கு 'எஸ்', பயோட்டாருக்கு 'பி'.

இந்த 'டி' பலரை ஏமாற்றுகிறது. சிவப்பில் இருக்கும் 'டி' கோட்டிங்கைக் குறிக்கும். 1935-இல் ஜெனாவில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த, கண்ணாடிப் பரப்பில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு அது. லென்ஸ் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளையில் தனியாக நிற்கும் 'டி' டெஸ்ஸாரின் சுருக்கம். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. 'டி' எழுத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அது மேற்கு ஸைஸின் பல அடுக்குக் கோட்டிங். அதே காலத்துக் கிழக்கு லென்ஸில் 'எம்சி' என்று இருக்கும்.

நாட்டின் பெயரையும் நிதானமாகப் படியுங்கள். 'மேட் இன் ஜெர்மனி' என்பது 1887-இல் பிரிட்டன் போட்ட வணிகக் குறிச் சட்டத்தின் விளைவாகப் பரவிய பொறிப்பு. அதை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. 'யுஎஸ் ஸோன்' என்று இருந்தால் போருக்குப் பிந்திய ஆக்கிரமிப்பு ஆண்டுகள். 'டிடிஆர்' (DDR) என்றால் 1949-க்குப் பிந்திய கிழக்கு ஜெர்மனி. ஜெனாவின் எண் வரிசை போருக்குப் பின்னும் அறுபடாமல் ஓடியது. 30 லட்சத்துக்கு மேல் எண் உள்ள ஜெனா லென்ஸைப் போருக்கு முந்தியது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

உடம்பின் தோற்றமும் பேசும். ஜெனாவின் ஸ்க்ரூ மவுண்ட் எஸ்எல்ஆர் லென்ஸ்கள் 1950-களில் வெள்ளி நிற அலுமினியம், 1960-களில் கறுப்பு வெள்ளை வரி, 1970-களில் முழுக் கறுப்பு. அப்பர்ச்சர் எண்களையும் பாருங்கள். 4.5, 6.3, 9, 12.5 என்று ஓடினால் அது பழைய ஜெர்மன் அளவு வரிசை. 4, 5.6, 8, 11 பின்னால் வந்தது.

ஏமாற்று எதுவும் இல்லாமலே பெயர் மாறிய லென்ஸும் உண்டு. கெர்லிட்ஸ் ஊரின் மேயர் நிறுவனம் 1968-இல் பென்டகான் என்ற கிழக்கு ஜெர்மன் கேமரா நிறுவனத்தோடு இணைந்தது. நேற்று வரை ஓரெஸ்டான் 50/1.8 என்று வந்த லென்ஸ் பென்டகான் 50/1.8 ஆனது. மேயர் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் காசைச் சர்வீஸுக்கு வைத்துக்கொள்வது மேல். பழைய கிரீஸ் காய்ந்து ரிங் இறுகியிருக்கும், அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கும். பெயர் எதுவானாலும் அந்த வேலை இருக்கவே செய்யும்.

விற்பவரிடம் முன்பக்கப் படம் மட்டும் கேட்காதீர்கள். பின்பக்கம், மவுண்ட், தூர அளவுகோல், பெயர் வளையத்தின் நெருக்கப் படம் நான்கையும் கேளுங்கள். முன்வளையம் பெரும்பாலும் தனியாகத் திருகிக் கழற்றக்கூடிய பாகம். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்ட ஒரு ரப்பர் கருவியும் இரண்டு நிமிடமும் போதும்.

என் வாடிக்கையாளர் விற்றவருக்கு நான் எடுத்த படங்களை அனுப்பினார். பதில் வரவில்லை. பக்கத்துத் தூரத்தில் ஃபோகஸ் சரியாக விழும்படி லென்ஸின் உள்ளே தகட்டு வளையத்தை மாற்றிப் பொருத்திக் கொடுத்தேன். பொய்ப் பெயர் இருந்த வளையத்துக்குப் பதிலாக வேறு ஒரு உடைந்த ஜுபிட்டரின் வளையத்தை எடுத்து மாட்டிவிட்டேன். அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார்.